தாய்ப் பாசமும் துணையின் நேசமும் இறைநேசத்திற்குத் தடையா?



புகழனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக!

பெற்றோர் மீதும் துணை மீதும் வைக்கும் பாசம் குறைந்தால்தான் தக்வா கூடும் என்று சிலர் எண்ணுகிறார்கள். ஆனால் மகன் யூஸுஃபைப் பிரிந்த துயரத்தில் யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின. நம் நபி (ஸல்) அவர்கள், மகன் இப்ராஹீமின் மரணத்தில் கண்ணீர் வடித்தார்கள். கதீஜா (ரழி) அவர்கள் மறைந்த பிறகும், ஆடு அறுத்தால் அவர்களின் தோழியருக்கு இறைச்சி அனுப்பினார்கள். நபிமார்களின் உள்ளமே இப்படி என்றால், பாசம் எப்படி ஈமானுக்கு எதிரியாகும்? கணவன் மனைவிக்கிடையே உள்ள அன்பைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகவே அல்லாஹ் கூறுகிறான் (30:21).

அப்படியானால் 9:24 வசனத்தின் எச்சரிக்கை எதற்கு? தந்தையர், பிள்ளைகள், மனைவியர், செல்வம், வியாபாரம், வீடு ஆகியவை அல்லாஹ்வையும் ரஸூலையும் விட அதிகப் பிரியமாகி விடக்கூடாது என்பதற்குத்தான். நேசிப்பதை அவ்வசனம் தடுக்கவில்லை. எது மேலே இருக்கிறது என்றே கேட்கிறது.

அது தொழுகை விரிப்பில் தெரியாது சகோதரர்களே! இரண்டும் மோதும்போதுதான் தெரியும். ஸஅத் இப்னு அபீவக்காஸ் (ரழி) இஸ்லாத்தை ஏற்றபோது, அதை விடும்வரை உண்ணவும் பருகவும் மாட்டேன் என்று அவரது தாயார் சத்தியம் செய்தார். மூன்று நாளில் மயங்கியும் விழுந்தார். ஸஅத் ஈமானை விடவில்லை. அந்நிகழ்ச்சியை ஒட்டி இறங்கிய கட்டளை என்ன? இணைவைக்கச் சொன்னால் கீழ்ப்படியாதே. ஆனாலும் உலகில் அவர்களுடன் நல்ல முறையில் நடந்துகொள் (31:15). கீழ்ப்படிதலுக்கு எல்லை உண்டு. நன்றாக நடத்துவதற்கு எல்லை இல்லை.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மஹர் கொடுத்து மணமுடிக்கச் சொல்கிறது மார்க்கம். "உம்மா சொல்லைத் தட்ட முடியாது" என்று சொல்லிக் கைக்கூலி வாங்குகிறான், ஃபஜ்ரைத் தவறவிடாத மகன். அதே உம்மா தன் மருந்துக்குப் பணம் கேட்டால், மனைவி முகம் சுளிப்பாள் என்று தயங்குகிறான். முதலாவதில் தாயின் பெயரால் மனைவிக்கு அநீதி. இரண்டாவதில் மனைவியின் பெயரால் தாய்க்கு அநீதி. இரண்டிலும் அவன் உண்மையில் கீழ்ப்படிந்தது தன் நஃப்ஸுக்குத்தான்! அல்லாஹ்வை அதிகம் நேசிப்பவன் யாருக்காகவும் இன்னொருவரின் ஹக்கைப் பறிக்க மாட்டான்.

மார்க்கத்தின் பெயரால் இருவரையும் மறப்பவர்களும் உண்டு. இரவெல்லாம் தொழுது, பகலெல்லாம் நோன்பு நோற்று, மனைவியைக் கவனிக்காதிருந்த அபுத்தர்தா (ரழி) அவர்களிடம், உம் குடும்பத்தாருக்கும் உம்மீது உரிமை உண்டு என்றார்கள் ஸல்மான் (ரழி). அது உண்மைதான் என்று நபியவர்களும் ஆமோதித்தார்கள். ஜிஹாதுக்கு அனுமதி கேட்டு வந்தவரிடம், பெற்றோர் உயிருடன் இருப்பதை விசாரித்து, அவர்களுக்குப் பணிவிடை செய்வதில் பாடுபடுமாறு சொன்னார்கள்.

எனவே இன்று ஜும்ஆ முடிந்து வீடு திரும்பும்போது உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: என் பாசத்தால் யாருடைய ஹக் என்னிடம் தங்கியிருக்கிறது? வாங்கிய கைக்கூலியானால் திருப்பிக் கொடுங்கள். தாயின் மருந்தானால் இன்றே வாங்கிக் கொடுங்கள்.

பெற்றோரையும் துணையையும் அல்லாஹ்வுக்காக நேசித்து, இருவருக்கும் நீதி செலுத்தும் நன்மக்களாக வல்ல ரஹ்மான் நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.