கவனிப்பின் அளவு: எல்லாப் பருவத்துக்குமான மிதிவண்டியும் ஓர் அறக்கேள்வியும்

மனிதர் பயன்படுத்தும் ஒவ்வொரு கருவியும் அவருடைய நேரத்தையும் கவனத்தையும் ஓரளவு கேட்கிறது. அதை எந்த அளவு வரை கொடுப்பது முறை, எந்த அளவுக்குக் கீழே குறைத்தால் கருவிக்கும் அதை ஆள்பவருக்கும் உள்ள உறவே அற்றுப்போகும் என்பது அறவியல் சார்ந்த கேள்வியாகும். மழையிலும் குளிரிலும் நாள்தோறும் மிதிவண்டியில் வேலைக்குச் செல்பவர், பராமரிப்பு குறைவான வண்டி எது என்று ஆராயும்போது, அறிந்தோ அறியாமலோ இக்கேள்விக்கே விடை தேடுகிறார்.

மக்கள்தொகையைவிட மிதிவண்டிகளின் எண்ணிக்கை மிகுந்த நாடான நெதர்லாந்து, ஆண்டு முழுவதும் மழை பெய்யும் நாடும் ஆகும். செயினை முழுவதுமாக மூடும் உறை, பின்சக்கர ஹப்புக்குள்ளேயே அடங்கிய கியர், பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பிரேக், முன்சக்கர ஹப்பில் பொருத்திய டைனமோ, நீண்ட மட்கார்டு ஆகியவை அமைந்த நகர வண்டி அங்கே பரவலாக வழங்குவதற்கு இந்தத் தட்பவெப்பமும் ஒரு காரணம். திறந்த செயினில் சாலைப் புழுதியும் மழைநீரும் எண்ணெயோடு கலந்து அரைக்கும் பசையாக மாறி, இணைப்புகளின் ஊசிகளைச் சிறிது சிறிதாகத் தேய்க்கின்றன. புதிய செயினில் 24 இணைப்புகளின் நீளம் 304.8 மி.மீ.; அது ஏறத்தாழ 1.6 மி.மீ. கூடிவிட்டால் செயினை மாற்றியாக வேண்டும், தவறினால் பல்சக்கரங்களும் சேர்ந்து பழுதாகும். ரிம்மைப் பற்றும் பிரேக்கிலும் இதே நிலைதான்: ஈரமணல் ஒட்டிய ரப்பர்க் கட்டைகள் ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ரிம்மின் உலோகத்தை அரித்தெடுக்கின்றன. உறையும் ஹப்பும் இத்தேய்மானத்தை அறவே ஒழிப்பதில்லை. மழையும் மணலும் எளிதில் எட்டாத இடத்துக்குத் தேயும் உறுப்புகளைக் கொண்டுசெல்வதன் மூலம் அதை மிகவும் மெதுவாக்குகின்றன.

தடுக்க முடியாததையும் செய்யக்கூடியதையும் இவ்வாறு பிரித்துக் காண்பது, ஸ்தோயிக் மரபின் மெய்யியலாளர் எபிக்டீடஸின் போதனைக்கு நெருக்கமானது. அடிமையாக வாழ்ந்து பின்னர் விடுதலை பெற்று, கி.பி. முதலாம், இரண்டாம் நூற்றாண்டுகளில் கற்பித்த அவர், நம் ஆளுகைக்கு உட்பட்டவற்றையும் உட்படாதவற்றையும் வேறுபடுத்துவதையே அறவாழ்வின் தொடக்கமாகக் கொண்டார்; ஒருவர் விரும்பும் பானையும் உடையக்கூடிய பானையே என்பதை முன்பே மனத்தில் இருத்தச் சொன்னார். மழையும் இரும்பு துருப்பிடிப்பதும் எவருடைய ஆளுகையிலும் இல்லை. அவ்விரண்டையும் எதிர்பார்த்துக் கருவியைத் தேர்வதும், தேயும் உறுப்பு தேயும் என்று ஏற்று உரிய காலத்தில் அதை மாற்றுவதும் ஆளுகைக்கு உட்பட்டவை. இப்பார்வையில், பராமரிப்பு குறைந்த வண்டியை நாடுவதைச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. உலகின் இயல்பை ஒப்புக்கொண்டு முன்கூட்டியே செய்யும் விவேகம் அது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. மெய்யியலாளர் ஆல்பர்ட் போர்க்மன் 1984-இல் வெளியான தம் நூலில், விறகு அடுப்புக் கணப்பையும் வீடு முழுவதையும் சூடாக்கும் மைய இயந்திரத்தையும் ஒப்பிடுகிறார். கணப்பு வெப்பத்தைத் தருவதோடு விறகு சேர்க்கும் உழைப்பையும் குடும்பம் கூடும் இடத்தையும் தந்தது. இயந்திரமோ தன் இயக்கத்தைப் பார்வையிலிருந்து மறைத்து, வெப்பம் என்னும் பயனை மட்டும் வழங்குகிறது. பயனை உழைப்பிலிருந்து பிரித்துத் தரும் இவ்வமைப்பு மனிதரை ஈடுபாடற்ற நுகர்வோராக்குகிறது என்பது அவருடைய வாதம். எதையும் திறந்து பார்க்கத் தேவையில்லாத மிதிவண்டியும் அத்தகைய மறைப்பின் இன்னொரு வடிவம்தானே என்ற கேள்வி இங்கே எழுகிறது.

மறைப்பு இருவகைப்படும் என்பதே இதற்குரிய விடை. மழையிலிருந்து காப்பதற்காக மூடுவது ஒருவகை. உரிமையாளரின் அறிவிலிருந்தே விலக்கி மூடுவது மற்றொரு வகை. கருவிகள் மனிதரின் தன்னாட்சியை வளர்க்க வேண்டும் என்று 1970-களில் வாதிட்ட இவான் இல்லிச், மிதிவண்டியைப் பெரிதும் போற்றியதற்கு, அதை எவரும் விளங்கிக்கொண்டு தம் விருப்பப்படி ஆளலாம் என்பதும் ஒரு காரணம். 1902-இல் நாட்டிங்ஹாமில் தொடங்கிய ஸ்டர்மி-ஆர்ச்சர் நிறுவனத்தின் மூன்று வேக ஹப் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நடுவிலுள்ள பல்சக்கரத்தைச் சுற்றிச் சிறு பல்சக்கரங்கள் சுழலும் அமைப்பு உள்ளே மூடியிருந்தாலும், அதன் பழைய வகைகளில் எண்ணெய் விடுவதற்கென ஹப்பின் மேலேயே ஒரு சிறு துளை இருந்தது. 1998-இல் வெளிவந்த, 14 வேகங்கள் கொண்ட ரோலாஃப் ஹப்பிலும் 5,000 கி.மீ.க்கு ஒருமுறை எண்ணெய் மாற்றும் வேலையை உரிமையாளரே செய்யலாம். இவை மூடியிருப்பவை, ஆயினும் கைக்கு எட்டாதவையல்ல.

செயினுக்குப் பதிலாக வரும் கார்பன் இழைப் பட்டையை இதே அளவுகோலால் மதிப்பிடலாம். அது துருப்பிடிக்காது, எண்ணெய் கேட்காது, செயினைவிட நெடுங்காலம் உழைக்கும். ஆனால் அதைப் பொதுவாகச் செயினைப் போல ஓரிடத்தில் பிரித்துக் கோக்க முடியாது. அதனால் பட்டையை நுழைப்பதற்கென்றே சட்டகத்தின் பின்பகுதியில் திறக்கும் இணைப்பு வேண்டும், அறுந்தால் அதே நீளமுள்ள மாற்றுப் பட்டை கிடைக்கும் வரை வண்டி நிற்க வேண்டும். உறைக்குள் ஓடும் செயின் அவ்வப்போது கவனிப்பைக் கேட்கும், எனினும் எந்தத் தெருக்கடையிலும் அதைச் சரிசெய்துவிடலாம். முன்னது அரிதாகக் கேட்டாலும் பிறரையே சார்ந்திருக்கச் செய்கிறது. பின்னது அடிக்கடி கேட்டாலும் அறிவை உரிமையாளரிடமே விட்டுவைக்கிறது.

எனினும் கவனிப்பை அதன் பொருட்டே உயர்ந்த பண்பாகப் போற்றுவதும் பிழையாகும். விடியற்காலைப் பணிக்கு மருத்துவமனை செல்லும் செவிலியருக்கு மிதிவண்டி இறுதி இலக்கன்று. அவருடைய கவனம் முதலில் சேர வேண்டியது நோயாளிகளிடம். கருவி தனக்கென எடுத்துக்கொள்ளும் ஒவ்வொரு மணி நேரமும் மனிதருக்குச் சேர வேண்டிய மணி நேரமாக இருக்கக்கூடும் என்பதால், அதன் தேவையைக் குறைப்பது அறத்தின் பக்கம் நிற்கும் செயல். போர்க்மனின் எச்சரிக்கையும் இவ்வெல்லைக்குள்தான் பொருந்துகிறது: குறைக்க வேண்டியது கவனிப்பின் அளவை, கவனிக்கும் ஆற்றலைக் கைவிடுதல் கூடாது.

ஆகவே, எல்லாப் பருவத்துக்குமான வண்டியைத் தேர்பவர் அது எவ்வளவு குறைவாகக் கேட்கிறது என்பதோடு, கேட்கும்போது யாரிடம் கேட்கிறது என்பதையும் சேர்த்து எடைபோட வேண்டும். மழைக்கு மூடியதாகவும் உரிமையாளருக்குத் திறந்ததாகவும், அவரோ அண்டையிலுள்ள மெக்கானிக்கோ எளிதில் சரிசெய்யத்தக்கதாகவும் உள்ள வண்டியே, மனிதரின் நேரத்தையும் தன்னாட்சியையும் ஒருசேரக் காப்பதால், விலை சற்றுக் கூடினாலும் தேர்ந்தெடுக்கத் தகுந்தது.