கூடாரத்துக்குள் மூன்று பேர்

2007-இல் வெளிவந்த ‘ஹாரி பாட்டர்’ வரிசையின் கடைசி நாவலில் ஹாரி, ரான், ஹெர்மயனி மூவரும் பள்ளிக்குத் திரும்பவில்லை. ஆட்சியே எதிரியின் கைக்குப் போய்விட்டதால் ஓடி ஒளிகிறார்கள். லண்டனில் ஒளிந்திருந்த பழைய வீடும் சில வாரங்களில் கைவிட்டுப் போகிறது. அப்புறம் கூடாரம்தான்.

போகிற இடத்திலெல்லாம் ஹெர்மயனி முதலில் சுற்றி நடந்து மந்திரக் காப்புப் போடுகிறாள். யார் கண்ணுக்கும் படமாட்டார்கள். ஆனால் ஒன்றுமில்லாததிலிருந்து உணவை வரவழைக்க மந்திரத்தால் முடியாது. அந்த உலகத்தின் விதி அது. காட்டுக் காளானைத் தின்றும் வயிறு காய்கிறது. ஒருநாள் ஒரு பண்ணையிலிருந்து முட்டையும் ரொட்டியும் எடுத்து வருகிறார்கள். கோழிக்கூண்டுக்கு அடியில் காசு வைத்துவிட்டு வந்தும், இது திருட்டாகிவிடுமோ என்று ஹெர்மயனிக்கு மனம் உறுத்துகிறது. தேடப்படும் நிலையிலும் அவள் வைத்த அந்தக் காசுதான், எந்த மந்திரச் சண்டையையும்விட என்னை உலுக்குகிறது.

இந்தப் பகுதி இழுவை என்பவர்கள் உண்டு. ஒளிந்து வாழ்வது இழுவைதானே! பசி, குளிர், கழுத்தில் முறைவைத்துச் சுமக்கும் தீய பதக்கம். ரான் சண்டையிட்டு வெளியேறுகிறான். உடனே மனம் மாறினாலும் அவனால் திரும்ப முடியவில்லை. பகைவருக்காகப் போட்ட காப்பு நண்பனுக்கும் வழியை அடைத்துவிட்டது.

கடைசியில் டீன் காட்டில்தான் வந்து சேர்கிறான். நாவலாசிரியர் ரௌலிங் சிறு வயதில் வளர்ந்தது அந்தக் காட்டை ஒட்டிய ஊரில். உறைந்த குளத்தில் மூழ்கிய ஹாரியை ரான் இழுத்துக் காப்பாற்றுகிறான். ஹெர்மயனியோ ரானைக் கண்டதும் கைமுட்டியால் குத்துகிறாள். நியாயமான கோபம்.