பாதைக்கும் ஒரு ஹக் உண்டு

அல்லாஹ்வைப் புகழ்ந்து, அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும் அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் கூறித் தொடங்குகிறேன்.



நம் பள்ளிக்கு ஃபஜ்ருக்குத் தவறாமல் வரும் சகோதரர் ஒருவரைச் சென்ற மாதம் மூன்று நாட்களாகக் காணவில்லை. இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு சைக்கிளில் நேராகப் பள்ளிக்கு வருபவர் அவர். விசாரித்தால், ஒரு வேன் உரசியதில் சாலையோர மணலில் சறுக்கி விழுந்து கை முறிந்துவிட்டதாம். வேன் நிற்கவே இல்லை. நலம் விசாரிக்கப் போனபோது அவர் சொன்னார்: "ஹஜ்ரத், ராத்திரி ரோட்டைக்கூட சமாளிச்சிடலாம். ஜும்ஆ நேரத்துல நம்ம பள்ளிவாசல் முன்னாடி போறதுதான் எனக்குப் பயம்."

அவர் சொன்னது உண்மைதான். ஜும்ஆ நேரத்தில் நம் கார்களும் பைக்குகளும் சாலையின் ஓரத்தை முழுவதும் அடைத்து நிற்கின்றன. சைக்கிளில் வருபவர் நடுச்சாலைக்கு இறங்கியே ஆகவேண்டும். பின்னால் கன்டெய்னர் லாரி வருகிறது. அந்த வரிசையில் என் ஸ்கூட்டரும் நின்றது. ஆகவே இந்த பயானின் முதல் உபதேசம் எனக்குத்தான்.

கண்ணியத்திற்குரியவர்களே! ஈமானுக்கு எழுபதுக்கும் மேற்பட்ட கிளைகள் உண்டு என்றும், பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதும் அவற்றில் ஒன்று என்றும் நபி (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள் (முஸ்லிம்). வழியில் கிடந்த முட்கிளையை அகற்றிய ஒரு மனிதரை அல்லாஹ் மன்னித்தான் என்றும் அறிவித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). முள்ளை அகற்றியவருக்கு மன்னிப்பு என்றால், பாதையில் தானே முள்ளாக நிற்பவரின் நிலை என்ன? ஒவ்வொருவரும் தம்மையே கேட்டுக்கொள்வோம்.

பாதையோரம் அமரும் தோழர்களிடம், பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதை அபூ ஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கிறார்கள். பிறருக்குத் தொல்லை தராதிருப்பதும் அந்த ஹக்குகளில் ஒன்று (புகாரி, முஸ்லிம்). பொது வழியில் செல்லும் உரிமை எல்லோருக்கும் உண்டு, ஆனால் அடுத்தவருக்குத் தீங்கு நேரக்கூடாது என்பதே அதற்கு நிபந்தனை என்று ஃபிக்ஹ் சட்டமும் சொல்கிறது. வரி கட்டிய காருக்கு அதிக உரிமை, சைக்கிளுக்குக் குறைந்த உரிமை என்ற பிரிவினை அதில் இல்லை.

நம் வல்லம் வடகாலைப் பாருங்கள். சிப்காட் வந்தது, தொழிற்சாலைகள் வந்தன. 2024 ஆகஸ்டில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் விடுதியும் இங்கே திறக்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. அதே சாலையில்தான் சைக்கிளில் வேலைக்குப் போகும் வெளிமாநிலத் தம்பியும், அரசு தந்த சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் நம் பிள்ளையும் போகிறார்கள். அரசு சைக்கிள் கொடுத்துவிட்டது. அதைப் பயமில்லாமல் ஓட்ட வழி வேண்டாமா?

1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின் வழியாக ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். முஸ்லிம் பெண்களும் அதில் ஆர்வத்தோடு சேர்ந்தார்கள். தண்ணீர் எடுக்கவும், வேலைக்குப் போகவும் யாரையும் எதிர்பார்க்காத நிலை அவர்களுக்கு வந்தது. இன்று அதே போல் ஒரு பெண் இந்தச் சாலையில் சைக்கிளோடு இறங்கத் தயங்கினால், அந்தத் தயக்கத்துக்கு நாமும் ஒரு காரணம்.

நெதர்லாந்து இன்று சைக்கிளுக்குப் பெயர் பெற்ற நாடு. ஆனால் 1971-ல் அங்கே 3,000-க்கும் மேற்பட்டோர் சாலை விபத்தில் இறந்தார்கள். அதில் 400-க்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் தெருவில் இறங்கிக் கேட்டார்கள். பிறகு தனிப்பாதைகள் பெருகின. விபத்து விதிப்படி நடப்பதுதான். ஆனால் ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிட்டு தவக்குல் பேச நமக்கு அனுமதி இல்லை.

எனவே, வாகனம் ஓட்டும் சகோதரர்களே! வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகிறது. சைக்கிளைக் கடக்கும்போது வேகத்தைக் குறைத்து, நன்கு இடம்விட்டுக் கடந்து செல்லுங்கள். ஹார்னை அலறவிட்டு விரட்டாதீர்கள். கார் கதவைத் திறக்கும்முன் பின்னால் பாருங்கள். லாரி ஓட்டுநருக்கு இடப்பக்கம் ஒட்டி வரும் சைக்கிள் கண்ணில் படாமல் போகலாம். சைக்கிளில் செல்பவர்களும் அதை நினைவில் வையுங்கள், இரவில் விளக்கு இல்லாமல் செல்லாதீர்கள். விபத்து நடந்தால் நின்று 108-ஐ அழையுங்கள். ரஹ்மானின் அடியார்கள் பூமியில் பணிவோடு நடப்பார்கள் என்று அல்-ஃபுர்கான் அத்தியாயம் சொல்லும் பண்பு, ஸ்டீயரிங் பிடிக்கும்போதும் நம்மிடம் இருக்க வேண்டும்.

அடுத்த ஜும்ஆ முதல் நம் வாகனங்கள் சாலையோரத்தில் நிற்க வேண்டாம். பள்ளியின் பின்புறக் காலி இடத்தில் நிறுத்துவோம். வாசலை ஒட்டிய நிழலை சைக்கிளில் வருபவர்களுக்கு விட்டுவிடுவோம். தெருவிளக்கு, சைக்கிளுக்குத் தனிப்பாதை, சாலையோரம் லாரி நிறுத்தத் தடை இம்மூன்றையும் கேட்டு, நம் ஊரின் எல்லாச் சமுதாயத்தாரோடும் சேர்ந்து திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் கலெக்டரிடம் மனு கொடுப்போம். சாலை எல்லோருக்கும் பொது; மனுவும் பொதுவாகவே இருக்கட்டும்.

அந்தச் சகோதரருக்கு அல்லாஹ் பூரண ஷிஃபா தருவானாக! அவர் மீண்டும் சைக்கிளில் வரும் நாளில், நம் வாசல் அவருக்கு அச்சம் தராத இடமாக இருக்க வல்ல நாயன் நமக்கு தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.