நாடு என்ற கட்டம்

‘கமிங் அவுட் ஆஃப் தி ஐஸ்’ 1982-இல் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்ட படம். இயக்கியவர் லக்னோவில் பிறந்த வாரிஸ் ஹுசைன். விக்டர் ஹெர்மன் எழுதிய தன்வரலாறுதான் கதை. அவராக நடித்தவர் ஜான் சாவேஜ். அடி, பட்டினி, பனி எல்லாம் படத்தில் உண்டு. என் மனம் போய் நிற்பதோ ஒரு படிவத்தில்.

*

1934. ஹெர்மனுக்கு இன்னும் இருபது வயதாகவில்லை. சோவியத் மண்ணில் 24,000 அடி உயரத்திலிருந்து பாராசூட்டில் குதித்து உலக சாதனை செய்கிறார். சாதனையைப் பதிவுசெய்ய ஒரு படிவம் நீட்டுகிறார்கள். நாடு என்ற கட்டத்தில் அமெரிக்கா என்று எழுதுகிறார். மாற்றி எழுதச் சொல்கிறார்கள். மறுத்துவிடுகிறார்.

அந்த மறுப்பில் வீரம் எதையும் நான் காணவில்லை. டெட்ராய்ட்டில் பிறந்தவர் வேறு என்ன எழுதுவார்? உள்ளதை உள்ளபடி எழுதியதற்கு 1938-இல் கைது. அதனால்தான் என் நெஞ்சு ஆறவில்லை.

*

விசாரணைச் சிறை. விடிகாலை முதல் இரவு வரை பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்து கதவையே பார்க்க வேண்டும். பக்கத்தில் இருப்பவரோடு பேசக் கூடாது. இரவில் அடி. பிறகு பத்தாண்டுத் தண்டனை. மரம் வெட்டும் முகாம்கள். எலியைப் பிடித்துத் தின்று உயிரைக் காப்பாற்றிக்கொண்டதாக எழுதுகிறார்.

அப்பா சாம் ஹெர்மன் தொழிற்சங்கக்காரர். ஃபோர்டு நிறுவன ஒப்பந்தத்தின்படி நிஷ்னி நோவ்கரோட்டில் எழுந்த கார் தொழிற்சாலையில் வேலை செய்ய 1931-இல் குடும்பத்தோடு கப்பல் ஏறியவர். தொழிலாளியின் நாடு என்று நம்பிப் போனார். அந்த நாட்டில்தான் மகனின் உழைப்பு தண்டனையானது. அந்தத் தகப்பனை நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

*

1948-இல் முகாமிலிருந்து விடுதலை. அமெரிக்கா திரும்பியது 1976-இல்.

இடையில் 28 ஆண்டுகள். முதலில் சைபீரியாவில் நாடு கடத்தப்பட்ட வாழ்வு. அங்கே கலினா என்ற ஜிம்னாஸ்டிக் வீராங்கனையை மணக்கிறார். ஹெர்மனை இன்னும் வடக்கே தள்ளியபோது கைக்குழந்தையோடு கலினாவும் போய்ச் சேர்கிறார். பனியைக் குடைந்த குழிக்குள் குடித்தனம்.

முகாம் கொடியது, ஆனாலும் அதற்கு ஒரு வாயில் உண்டு, தண்டனைக்கு ஒரு கெடு உண்டு. கேமராவுக்கு அது வசப்படுகிறது. வேலியும் இல்லாமல் வீடும் இல்லாமல் போன 28 ஆண்டுகளை எந்தப் படம் தாங்கும்? அடுத்தடுத்த காட்சிகளில் ஆட்கள் நரைத்துவிடுகிறார்கள். ஒரு மனிதர் ஊர் திரும்ப அனுமதி கேட்டு வரிசையில் நின்று, மறுக்கப்பட்டு, வீட்டுக்கு வந்து விறகு பிளந்து, மறுநாளும் எழுந்துகொள்வதைக் காட்டப் பொறுமை மிக்க வேறொரு கலை வேண்டும். நாவலால் ஒருவேளை முடியும்.

*

இவரைப் போலவே மாட்டிக்கொண்ட இன்னொரு அமெரிக்கர் தாமஸ் ஸ்கோவியோ. 1938-இல் கடவுச்சீட்டைத் திரும்பக் கேட்டு மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்துக்குப் போனார். வெளியே வந்ததும் பிடித்துவிட்டார்கள். கோலிமா முகாம்களில் கிடந்து, பிழைத்து ஊர் திரும்பி, கண்டதையெல்லாம் படங்களாக வரைந்தார். அப்படிச் சோவியத் நாட்டுக்குப் போன அமெரிக்கர்களில் பலர் திரும்பவே இல்லை. அவர்களைப் பற்றித் திரைப்படமும் இல்லை. ஸ்கோவியோ வரைந்த கைதிகளின் முகங்களில் அவர்கள் யாராவது இருக்கக்கூடும். அடுத்து அவற்றைத்தான் தேடிப் பார்க்க வேண்டும்.