நிற்கும் பெண்ணும் உட்காரும் பெண்ணும்

ஜவுளிக்கடையின் வியாபார உத்தி என்றதும் நடிகைகளின் விளம்பரமும் ஆடித் தள்ளுபடியும் நினைவுக்கு வரும். ஆடியில் கல்யாணம் இல்லை, விற்பனை படுத்துவிடும்; தீபாவளிச் சரக்கு வருமுன் பழையதைத் தள்ளிவிட வேண்டும். அதற்குக் கண்டுபிடித்த வழி தள்ளுபடி. இவை உத்திகள் என்று எல்லோருக்கும் தெரியும். உத்தி என்று நாம் எண்ணாத ஒன்றும் அதே கடையில் இருக்கிறது. காலையில் ஷட்டர் திறந்ததிலிருந்து இரவு மூடும்வரை விற்பனைப் பெண் நின்றுகொண்டே இருப்பதுதான் அது.

கவுன்ட்டருக்கு இந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். அந்தப் பக்கம் ஒரு பெண் நிற்கிறாள். இருவருக்கும் நடுவே ஐம்பது சேலைகள் பிரிந்து கிடக்கின்றன. பெண்ணியம் இந்தக் காட்சியில் யார் பக்கம் நிற்க வேண்டும்?

உட்கார்ந்திருப்பவளை முதலில் புரிந்துகொள்ள வேண்டும். பெண்களின் 'சேலைப் பைத்தியம்' பற்றிய நகைச்சுவைக்கு நம் பத்திரிகைகளிலும் சினிமாவிலும் பஞ்சமே இருந்ததில்லை. அந்தச் சிரிப்பில் சேர்ந்துகொள்ள எனக்கு விருப்பமில்லை. வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் சாப்பிடுகிறவளிடம், "உட்காருங்கம்மா, என்ன பார்க்கிறீங்க?" என்று ஒருவர் கேட்பது கடையில்தான். அவள் கை நீட்டிய திசையில் துணி இறங்குகிறது. வேண்டாம் என்றால் அடுத்தது வருகிறது. எதையும் வாங்காமல் எழுந்துபோகவும் அங்கே அவளுக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் கேட்கப்படாத இடங்கள் அவள் வாழ்க்கையில் எத்தனை? இந்தத் தாகத்தைக் குடும்பம் புரிந்துகொள்ளவில்லை, சந்தை புரிந்துகொண்டது. சேலையோடு சேர்த்து மரியாதையையும் விற்கத் தொடங்கியது.

அந்த மரியாதை எதனால் ஆனது என்பதுதான் கேள்வி. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்ஷீல்ட் 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களின் புன்னகை அவர்களுடைய சம்பள வேலையின் ஒரு பகுதி என்று காட்டினார். உணர்ச்சியை அடக்கி, முகத்தைத் தயார்ப்படுத்துவதும் உழைப்பே. நம் ஜவுளிக்கடையில் முகத்தோடு காலும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் அவள் நிற்கிறாள். அப்போது அவள் நிற்பதால் ஒரு முழம் துணியும் கூடுதலாக விற்பதில்லை. படியேறி வருகிறவர் கண்ணுக்குக் கடை சுறுசுறுப்பாகத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மையைப் போல அவளும் காட்சிக்கு வைக்கப்பட்டிருக்கிறாள். பொம்மைக்குக் கால் வீங்காது. சிறுநீரை அடக்க வேண்டியதில்லை.

சேலை விற்க நிற்பது அவசியம்தானா? காஞ்சிபுரத்தின் பழைய பாணிப் பட்டுக்கடைகளைப் பாருங்கள். தரையில் வெள்ளை விரித்த மெத்தை. வாங்குபவரும் உட்கார்ந்திருப்பார், விற்பவரும் உட்கார்ந்திருப்பார். முந்தானை விரியும், பேரம் நடக்கும், யாருக்கும் அவமரியாதை தோன்றாது. அங்கே உட்கார்ந்து விற்பவர் பெரும்பாலும் ஆண் என்பதையும், கடைக்காரரோ அவர் குடும்பத்தாரோ ஆக இருப்பார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்து, விடுதியில் தங்கி, மாதச் சம்பளத்துக்கு உழைக்கும் பெண் வேலைக்கு வந்த கடையில்தான் உட்காருவது சோம்பலாகவும் திமிராகவும் தெரிகிறது.

இந்தப் பார்வையை முதலாளி மட்டும் உருவாக்கவில்லை. யார் யார் முன்னால் உட்காரலாம் என்பதைச் சாதியும் வயதும் ஆண்மையும் தீர்மானித்த சமூகம் நம்முடையது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில், தேர்ந்தெடுக்கப்பட்ட ஊராட்சித் தலைவரான தலித் பெண் கூட்டத்தில் தரையில் உட்காரவைக்கப்பட்ட படத்தை நாடே பார்த்தது. பதவி கிடைத்தும் நாற்காலி கிடைக்கவில்லை. ஒருவரைத் தாழ்த்தித்தான் இன்னொருவருக்கு மரியாதை செய்ய முடியும் என்ற அந்தப் பழைய கணக்கையே கடையும் கையில் எடுத்துக்கொள்கிறது. வீட்டில் நின்றவளைக் கடையில் உட்காரவைத்து, அவளுக்காக வேறொரு பெண்ணை நிற்கவைக்கிறது. பாரம் ஒரு பெண்ணின் காலிலிருந்து இன்னொரு பெண்ணின் காலுக்கு மாறுகிறது. இதை விடுதலை என்று சொல்ல முடியாது.

சட்டம் தலையிட்டிருக்கிறது. 1899இலேயே பிரிட்டன், கடைகளில் மூன்று பெண் ஊழியருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று சட்டம் செய்தது. நெடுநேரம் நிற்பது பிள்ளை பெற வேண்டிய உடலைக் கெடுக்கும் என்பது அன்று சொல்லப்பட்ட வாதங்களில் ஒன்று. அதாவது, அவளுடைய வலி மட்டும் போதுமான காரணமாக இல்லை. கருப்பை சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. கேரளத்தில் கதை வேறு. கோழிக்கோட்டின் மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜியும் அவருடைய தோழிகளும் கழிப்பறை கேட்டுத் தொடங்கிய 'பெண்கூட்டு' அமைப்பு, உட்காரும் உரிமையையும் கேட்டது. 2014 இறுதியில் திருச்சூரில் ஒரு பெரிய சேலைக்கடையின் விற்பனைப் பெண்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தின. பெண்கள் தொடங்கிய போராட்டத்தின் பயன் ஆண் ஊழியர்களுக்கும் சேர்ந்தது. தாய்மையின் பெயரால் கேட்டிருந்தால் இது நடந்திருக்காது.

தமிழ்நாட்டுச் சட்டம் ஒவ்வொரு கடையிலும் இருக்கை வேண்டும் என்கிறது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது ஊழியர் உட்காரலாம் என்கிறது. அந்த வாய்ப்பு கிடைத்துவிட்டதா என்பதை யார் முடிவு செய்வது? மேற்பார்வையாளரா, கேமராவா, அவளுடைய முழங்காலா? "என் கடையில் மட்டும் உட்காரவிட்டால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்" என்று முதலாளி சொல்லலாம். எல்லாக் கடைக்கும் பொதுவாகச் சட்டம் வந்தபின் அந்த வாதத்தின் பாதி செத்துவிட்டது. மீதிப் பாதி நம்மிடம் இருக்கிறது. அவர் பயப்படுவதாகச் சொல்வது நம் முகச்சுளிப்புக்குத்தான்.

எனவே வாங்குகிற பெண்ணிடம் கேட்பது பெரிய தியாகம் இல்லை. ஐம்பது சேலை பார்க்கட்டும், வாங்காமலும் வரட்டும். அந்த உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, "என்ன கலர்லக்கா பார்க்கிறீங்க?" என்று கேட்டால், அது தன் மரியாதைக்குக் குறைவு என்று நினைக்காமல் பதில் சொன்னால் போதும். நாம் கொடுக்கும் விலை சேலைக்கானது. அவளுடைய கால்களை நாம் வாங்கவில்லை.