ஊழும் உறவும்

பதினாறு வயதுப் பிள்ளை பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்று அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டால், வீட்டில் இரண்டு தீர்ப்புகள் உடனே தயாராகிவிடும். அப்பா வழிச் சொந்தம், "செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டா" என்று அம்மாவைக் கைகாட்டும். அம்மா வழிச் சொந்தம் குரலைத் தாழ்த்தி, "அவங்க பரம்பரையிலேயே இருக்கு" என்னும். ஒன்று வளர்ப்பைக் குற்றம் சொல்கிறது, மற்றது இரத்தத்தை. இரண்டுக்கும் வேண்டியது பழி போட ஓர் ஆள். மனநோய்களில் பாதி 14 வயதுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயதுக்குள்ளும் தலைகாட்டிவிடுகின்றன என்று 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதாவது, பிள்ளை இன்னும் குடும்பத்தின் கையில் இருக்கும் வயதிலேயே இந்தத் தீர்ப்புகள் அவன்மேல் விழுகின்றன. மரபணுவையும் உறவையும் பற்றி இன்று தெரிந்திருப்பதைச் சேர்த்துப் பார்த்தால், பழிக்கு இடம் சுருங்குகிறது, பொறுப்புக்கு இடம் கூடுகிறது என்பதே என் கட்சி.

விதியா முயற்சியா என்ற வழக்கு நமக்குப் புதிதில்லை. எல்லாம் நியதிப்படி என்றனர் ஆசீவகர்கள். வள்ளுவரோ அறத்துப்பாலை ஊழ் அதிகாரத்தோடு முடித்துவிட்டு, பொருட்பாலில் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் ஒதுக்கினார். ஊழ் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இன்று மரபணு உட்கார்ந்திருக்கிறது. தீவிர மனச்சோர்வில் மரபின் பங்கு ஏறத்தாழ 37 விழுக்காடு என்று இரட்டையர் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் 2000இல் சொன்னார்கள். இதைப் படிக்கிறவர், 'என் மகனுடைய சோர்வில் 37 பங்கு பிறவியிலேயே வந்தது' என்று எடுத்துக்கொள்கிறார். அந்த எண்ணுக்கு அப்படிப் பொருளே கிடையாது. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் இருக்கும் வேறுபாட்டில் எவ்வளவு மரபு வேறுபாட்டோடு சேர்ந்து வருகிறது என்பதைத்தான் அது அளக்கிறது. தனி ஒருவனை எடுத்து, இவ்வளவு இரத்தம், இவ்வளவு வளர்ப்பு என்று பாகம் பிரிக்க அது உதவாது. மரபில் இருப்பது மாறாது என்பதும் தவறு. ஃபீனைல்கீட்டோன்யூரியா மரபணுவால் மட்டுமே வரும் கோளாறு. பிறந்தவுடன் கண்டுபிடித்து, உணவில் ஓர் அமினோ அமிலத்தைக் கட்டுக்குள் வைத்தால் குழந்தையின் மூளை தப்பிவிடுகிறது.

பின்லாந்தில் பெக்கா டியெனாரியும் அவருடைய குழுவினரும் நடத்திய தத்து ஆய்வை இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். மனச்சிதைவும் அதைச் சார்ந்த நோய்களும் கொண்டு மருத்துவமனையில் சேர்ந்த தாய்மார்களிலிருந்து தொடங்கிய தேடல் அது. அவர்கள் பெற்று, பிறர் வீட்டில் தத்துப்பிள்ளையாக வளர்ந்தவர்களைக் குழுவினர் கண்டுபிடித்தார்கள். அப்படிப்பட்ட தாய்க்குப் பிறக்காத தத்துப்பிள்ளைகளையும் ஒப்பிட எடுத்துக்கொண்டார்கள். பிறகு வளர்ப்புக் குடும்பங்களை நேரில் பார்த்து, வீட்டில் பேச்சு எப்படி, ஓயாத குறைகூறல் உண்டா, ஒருவர் சொல்வதை இன்னொருவர் காதில் வாங்குகிறாரா என்றெல்லாம் மதிப்பிட்டார்கள். 2004இல் வந்த முடிவு இது: நோயுற்ற தாய்க்குப் பிறந்து, உறவு சீர்கெட்ட வீட்டில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் மனச்சிதைவு வகை நோய் கண்டது. அதே மரபோடு நல்ல வீட்டில் வளர்ந்தவர்களில் நூற்றுக்கு 6 பேர் அளவுக்குத்தான். மரபு ஆபத்து இல்லாதவர்களுக்கோ, வீடு எப்படியிருந்தாலும் நூற்றுக்கு 5 என்ற அளவே. இதில் எது காரணம், இரத்தமா வளர்ப்பா? கேள்வியே நிற்கவில்லை. அந்தப் பிள்ளைகள் பிறவியில் கொண்டுவந்தது, நோயைவிட, உறவின் சூட்டுக்கும் குளிருக்கும் மற்றவர்களைவிட அதிகமாக ஆளாகும் உடம்பை என்று சொல்வதே பொருத்தம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு உண்டு. பிள்ளையின் மனம் ஏற்கெனவே தடுமாறத் தொடங்கியதால் வீடு கெட்டிருக்கலாமே, வீடு கெட்டதால்தான் பிள்ளை தடுமாறியது என்று எப்படிச் சொல்வது? இரண்டு திசையிலும் நடக்கும் என்றே நினைக்கிறேன். ஆனால் உறவுக்கென்று தனி வலு உண்டு என்பதற்கு ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்ட் சாட்சி. சௌசெஸ்கு ஆட்சி 1989இல் விழுந்தபோது ருமேனியாவின் விடுதிகளில், உடல் கவனிப்பு மட்டும் ஏதோ நடந்து, தூக்கிக் கொஞ்ச ஆளில்லாமல் குழந்தைகள் ஏராளமாக இருந்தன. பிற்பாடு புக்கரெஸ்டில் சார்லஸ் நெல்சன், நேதன் ஃபாக்ஸ், சார்லஸ் சீனா என்ற ஆய்வாளர்கள் 136 குழந்தைகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் பாதிப்பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குலுக்கலுக்கு மரபணு தெரியாது, குழந்தையின் சுபாவமும் தெரியாது. நாலரை வயதில் பார்த்தபோது, குடும்பத்துக்குப் போன குழந்தைகளுக்குப் பதற்றமும் சோர்வும் கணிசமாகக் குறைந்திருந்தன. கவனச்சிதறல் அப்படிக் குறையவில்லை. (சீட்டில் பெயர் வராத குழந்தைகளுக்கு நியாயம் எது என்ற கேள்வி இன்றும் என்னை உறுத்துகிறது. அது தனி வழக்கு.)

அடுத்த மறுப்பு தாய்மார்கள் சார்பில் வர வேண்டியது. உறவுக்கு வலு உண்டென்றால் சுற்றிச் சுற்றி அம்மாவின் தலையில்தானே விடியும்? விடிந்திருக்கிறது. மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்று ஒரு வகையையே 1948இல் உளமருத்துவர் ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் எழுதிவைத்தார். 1967இல் புரூனோ பெட்டல்ஹைம், ஆட்டிசத்துக்குப் பெற்றோரின் பாசமின்மைதான் காரணம் என்று ஒரு புத்தகமே போட்டார். ஒரு தலைமுறைத் தாய்மார்கள் செய்யாத குற்றத்தைச் சுமந்தார்கள். பின்லாந்துக் கணக்கை மறுபடி பாருங்கள்: அதே மாதிரி வீடுகள் மற்ற பிள்ளைகளை இந்த நோயில் தள்ளவில்லை. பெற்றோரும் முழுச் சுதந்திரம் உள்ளவர்கள் இல்லை. பிள்ளைக்குக் கடத்தப்படாத பெற்றோரின் மரபணுக்களும்கூட, வீட்டின் சூழல் வழியாகப் பிள்ளையின் படிப்பைத் தொடுகின்றன என்று ஐஸ்லாந்து ஆய்வு 2018இல் காட்டியது. சட்டென்று கோபப்படும் அப்பாவும் அந்தக் கோபத்தைக் கடையில் வாங்கி வரவில்லை.

விஞ்ஞானமே மாற்றிப் பேசுகிறதே என்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நியூசிலாந்தின் டனீடன் நகரத்து இளைஞர்களை வைத்து 2003இல், செரடோனின் சார்ந்த ஒரு மரபணுவும் வாழ்க்கை இடர்களும் சேர்ந்தால் மனச்சோர்வு வருகிறது என்று சொன்னார்கள். உலகமே கொண்டாடிய அந்த முடிவு, லட்சக்கணக்கானோரை ஆராய்ந்த 2019 ஆய்வில் நிற்கவில்லை. விழுந்தது, ஒற்றை மரபணுவில் தலையெழுத்தைப் படித்துவிடலாம் என்ற ஆசைதான். மிகச் சிறு செல்வாக்குடைய மரபணு வேறுபாடுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தே வேலை செய்கின்றன. முன்வினை என்று நம்புகிறவருக்கும் எனக்கும் இந்த இடத்தில் பெரிய சண்டை இல்லை. வினை இருக்கட்டும். எதிரே இருக்கும் பிள்ளையிடம் இன்று மாலை எப்படிப் பேசுவது என்பதை அது முடிவு செய்துவைக்கவில்லை.

அப்படியானால் அந்தப் பிள்ளைக்கே பொறுப்பில்லையா? உண்டு, ஆனால் தெரிந்தால்தான் பொறுப்பு. குடும்பத்தில் மனச்சிதைவு இருந்தவர்களுக்குக் கஞ்சா கூடுதல் ஆபத்து. கல்லூரி விடுதியில் ஒருவன் நீட்டும்போது வேண்டாம் என்று சொல்ல, தன் வீட்டில் யாருக்கு என்ன இருந்தது என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் வீடுகளிலோ, சம்பந்தம் தட்டிப்போகும் என்ற பயத்தில் ஊரிடமிருந்து மறைப்பதைப் பிள்ளையிடமிருந்தும் மறைத்துவிடுகிறோம்.