யாருடைய கடன்?

பொறியியல் மூன்றாம் ஆண்டில், விடுதி அறையில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ‘தி ஃபாண்டம் ஆஃப் தி ஓபரா’ பார்த்தோம். ஆண்ட்ரூ லாயிட் வெபரின் 1986ஆம் ஆண்டு இசைநாடகத்தை 2004இல் ஜோயல் ஷூமாக்கர் படமாக எடுத்திருந்தார். முடிந்ததும் ஒருத்தன் சொன்னான், “அந்தப் பொண்ணு அவனை ஏமாத்திட்டாடா.” யாரும் மறுக்கவில்லை. எனக்குத் தொண்டை அடைத்திருந்தது.

எனக்குத் திக்குவாய். அந்த வருடம்தான் வகுப்புத் தோழி ஒருத்தியிடம் காதலைச் சொல்லியிருந்தேன். நாகரிகமாக மறுத்துவிட்டாள். என் பேச்சுதான் காரணம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை. அதற்குப் பிறகும் ஐந்து மாதம் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து பட்ட அவமானத்துக்கெல்லாம் யாரோ எனக்கு எதையோ தர வேண்டியிருக்கிறது என்ற உணர்வு. அந்த ‘யாரோ’ எப்படி அவளானாள் என்று நான் யோசிக்கவே இல்லை.

போன மாதம் படத்தை மறுபடி பார்த்தேன். ஃபாண்டத்தின் துயரம் பொய்யில்லை. முகம் சிதைந்த அந்தச் சிறுவனைக் கூண்டில் அடைத்து, அடித்து, சந்தையில் காட்சிப்பொருளாக வைக்கிறார்கள். தலையை மூடிய சாக்கை இழுத்ததும் கூட்டம் சிரிக்கிறது. அவன் காவல்காரனைக் கொன்று தப்பிக்கிறான். மேடம் ஜிரி, அன்று ஒரு சிறுமி, அவனைப் பாரிஸின் ஓபரா அரங்குக்கு அடியில் ஒளித்துவைக்கிறாள். உலகம் அவனுக்குக் கடன்பட்டிருக்கிறது. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

ஆனால் அந்தக் கடனை அவன் வசூலிக்கப் போவது கிறிஸ்டீனிடம். அப்பாவை இழந்த பெண் அவள். இசைத் தேவதையை அனுப்புவேன் என்று அப்பா சொல்லியிருந்தார். அந்தத் தேவதையாகத்தான் ஃபாண்டம் சுவருக்குப் பின்னாலிருந்து பேசுகிறான், பாடச் சொல்லித்தருகிறான். அவளுடைய துக்கத்தின் வழியாக உள்ளே நுழைகிறான். விடுதியில் பார்த்தபோது இதை நாங்கள் ஆறு பேருமே கவனிக்கவில்லை. நடுவில் இரண்டு கொலைகள் நடக்கின்றன. அவற்றையும் காதல் கணக்கிலேயே எழுதிக்கொண்டோம்.

படமும் நமக்கு உதவி செய்கிறது. காஸ்டன் லெருவின் மூல நாவலில் அவன் முகம் மண்டையோடு போன்றது. 1925இன் மௌனப்படத்தில் லான் சேனி போட்டுக்கொண்ட ஒப்பனை இன்றும் திடுக்கிட வைக்கும். இங்கேயோ ஜெரார்ட் பட்லர். பாதி முகமூடிக்கு வெளியே இருப்பது ஒரு கதாநாயகனின் முகம். அகத்தின் அழகைப் பார் என்று நமக்குச் சொல்லும் படத்துக்கே முழு விகாரத்தைக் காட்டத் துணிச்சல் இல்லை.

கடைசியில் ராவுலின் கழுத்தில் சுருக்கு. என்னோடு இருந்தால் அவன் பிழைப்பான், இல்லையென்றால் சாவான் என்கிறான் ஃபாண்டம். கிறிஸ்டீன் நெருங்கிவந்து அவனை முத்தமிடுகிறாள். அதை அப்போது காதல் என்று நினைத்தேன், பிறகு பரிதாபம் என்று. இப்போது இரண்டுமே போதவில்லை. கருணை இருக்கிறது, கூடவே, இன்னொருவனுக்காகத் தன்னையே கொடுத்துவிடத் துணிந்ததும் இருக்கிறது. கேட்டது கைக்கு வந்த கணத்தில், தான் ஆசைப்பட்டது இதையல்ல என்று அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. காதல் எப்படி இருக்கும் என்பதை, அவள் இன்னொருவன் மேல் வைத்த காதலில்தான் அவன் முதன்முதலாகப் பார்க்கிறான். இருவரையும் போகச் சொல்கிறான். அவன் வாழ்க்கையில் யாரும் வற்புறுத்தாமல் அவன் செய்த பெரிய காரியம் அதுதான். அவன் கடன் அடையவில்லை. தவறான ஆளிடம் கேட்பதை நிறுத்திக்கொண்டான், அவ்வளவே.

அப்படியானால் அன்பு கிடைக்காத மனிதனுக்கு என்ன வழி? என்னிடம் பதில் இல்லை. சந்தையில் சிரித்த கூட்டத்தைக் கேட்க வேண்டிய கேள்வி அது. அந்தக் கூட்டம் டிக்கெட் காசு கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டது. நாமோ கிறிஸ்டீனைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

1919இல், கிழவனான ராவுல் அவள் கல்லறைக்கு வருகிறான். அங்கே கறுப்பு நாடா கட்டிய ரோஜாவும் மோதிரமும் இருக்கின்றன. விடுதியில் எங்களை அழவைத்த இடம். இந்த முறை கொஞ்சம் சங்கடமாக இருந்தது. இவன் இன்னும் நிறுத்தவில்லையா?

படம் முடிந்ததும் அந்தத் தோழியிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று தோன்றியது. எண்ணைத் தேடி எடுத்து, நாலு வரி தட்டவும் செய்தேன். பிறகு அழித்துவிட்டேன். அதுவும் இன்னொரு குறுஞ்செய்திதானே.